தூணிலும் ஒரு பங்கு

"பிலிப்புவை நான் ஒண்டும் செய்யேல்லை."

வீட்டுக்காரர் தம்பிராசாவின் வாயிலிருந்து வந்த முதல் வசனமே அதுதான். கேற்றுக்கு வெளியே நின்ற மனோகரி அப்போதுதான் கும்பிடக் கையைத் தூக்கியிருந்தாள்.

"நான் இன்னும் வணக்கம் சொல்லி முடிக்கேல்லை, ஐயா," என்றாள்.

"கேக்க முதலே மறுமொழி சொல்லுற ஆக்களை எனக்கு நல்ல விருப்பம்," என்றான் ஓட்டோவைப் பூட்டிக்கொண்டிருந்த சஞ்சீவன். "எங்கட வேலையில பாதி குறைஞ்சிடும்."

மனோகரி முன்பு ஒரு காப்புறுதிக் கம்பனியில் பொய் விபத்துகளைப் பிடிக்கும் வேலை பார்த்தவள். கம்பனி மூடப்பட்ட பிறகு அதே வேலையை யாழ்ப்பாணத்தில் தனியாகச் செய்கிறாள். சஞ்சீவன் அவளுடைய உதவியாளன், ஓட்டோச் சாரதி, சில நாட்களில் தலையிடி.

மண்கும்பான் கடற்கரையைப் பார்த்தபடி நின்றது அந்த மூன்று மாடிக் கட்டடம். ஆறு வீடுகள். புதுப் பெயின்ற் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. இரண்டாம் மாடிக்கான படியடியில் நிலக்சனா காத்திருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். ஆறு வீடுகளில் ஒன்றில் தாயோடு வாடகைக்கு இருக்கிறவள். முதல் நாள் பின்னேரம் மனோகரியின் கந்தோருக்கு வந்து, கதிரை நுனியில் இருந்துகொண்டு இந்த விசயத்தை ஒப்படைத்தவளும் அவள்தான்.

அவள் சொன்னது இது. தம்பிராசா இந்தக் கட்டடத்தைக் கொண்டோமினியம் ஆக்கப்போகிறார். இதுவரை முழுக் கட்டடத்துக்கும் அவர் பெயரில் ஒரே உறுதிப்பத்திரம். இனி ஆறு வீட்டுக்கும் ஆறு உறுதி எழுதி, இருக்கிறவர்களுக்கே விற்கப்போகிறார். அதுவும் தீவுப் பகுதியில் யாரும் கேள்விப்படாத மலிவில். அதற்குப் பிரதேச சபை அனுமதி தரவேண்டும். சபை கூட்டம் வைக்கும், எதிர்ப்பு உள்ளவர்கள் வந்து சொல்லலாம். ஐந்து வீட்டாருக்கும் பூரண சம்மதம். மேல்மாடிப் பிலிப்பு ஒருவர்தான் எதிர்த்தார். கூட்டம் நாளைக்கு. பிலிப்புவைப் போன கிழமையிலிருந்து காணவில்லை.

"கொண்டோமினியமோ, கொண்டு-போ-மினியமோ?" என்று சஞ்சீவன் அப்போதே கேட்டிருந்தான். நிலக்சனா சிரிக்கவில்லை. "தம்பிராசா அவரை ஏதும் செய்துபோட்டார் எண்டு பயமாயிருக்கு அக்கா," என்று மட்டும் சொன்னாள். அவளுடைய கைகள் நடுங்கியதை மனோகரி கவனித்திருந்தாள்.

இப்போது தம்பிராசா திறப்புக் கோர்வையை எடுத்துக்கொண்டு தானே முன்னால் படியேறினார். நிலக்சனாவும் அவர்களோடு ஏறினாள். "மன்னாரில மகளோட இருக்கப் போட்டார் எண்டு நினைக்கிறன். வந்து வடிவாப் பாருங்கோ. அலுமாரியையும் திறந்து பாருங்கோ. எனக்கு ஒளிக்க ஒண்டுமில்லை."

"சோடா குடிக்கிறியளோ எண்டும் கேப்பார் போல," என்று சஞ்சீவன் மெதுவாகச் சொன்னான்.

"சோடா கொண்டுவரச் சொல்லட்டே?" என்றார் தம்பிராசா.

பிலிப்புவின் வீடு ஒரு தனி மனிதனின் ஒழுங்கோடு இருந்தது. கட்டிலுக்குக் கீழே பொலிஷ் போட்ட கறுப்புச் சப்பாத்துச் சோடி. அலுமாரியில் அயன் பண்ணிய சேட்டுகள் வரிசையாகத் தொங்கின. குசினியில் சட்டி பானை கழுவிக் கவிழ்த்திருந்தது. அடிபாடு, இழுபறி எதன் அடையாளமும் இல்லை. கடல் பக்கத்து விறாந்தையில் ஒரு தூண் மட்டும் மற்றத் தூண்களைவிடச் சற்றுத் தடித்திருந்தது. மனோகரி விரல் முட்டியால் தட்டினாள். உள்ளே வெறுமையாக இருப்பதுபோல் டொக்கென்றது.

"மழைக்குக் கொஞ்சம் பூச்சு கழண்டது. திரும்பப் பூசினனான்," என்றார் தம்பிராசா.

அவர் சோடாவுக்கு ஆள் அனுப்பக் கீழே இறங்கியதும் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி கம்சிகா எட்டிப்பார்த்தாள். அவளுடைய கணவன் குறிகட்டுவான் பஸ்ஸில் கொண்டக்டர்.

"அக்கா, பிலிப்பண்ணையைப் பற்றி ஏதும் தெரிஞ்சுதோ? போகேக்க என்ர மனுசன்ர வேட்டியையும் வாங்கிக்கொண்டு போனவர். கலியாண வீட்டுக்கு எண்டு சொன்னவர்."

"அவர் வேட்டி கட்டுறவரோ?"

"ஐயோ, இல்லை. எந்த நாளும் சாரம். ஞாயிறு பூசைக்கு மட்டும் காற்சட்டை, சப்பாத்து. வேட்டியோட நான் அவரை ஒருநாளும் காணேல்லை."

மனோகரி திரும்பிக் கட்டிலுக்குக் கீழே இன்னொரு முறை பார்த்தாள்.

"சஞ்சீவன், கலியாண வீட்டுக்குப் போறவன் சேட்டைக் கொண்டுபோவானோ, விட்டிட்டுப் போவானோ?"

"மாப்பிள்ளையாய்ப் போனாலும் சேட்டோடதான் அக்கா போவான்."

"மகள் வீட்டை போனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை இருக்கு. சப்பாத்து வேணும். இவர் சப்பாத்தையும் விட்டிட்டார், சேட்டையும் விட்டிட்டார். வேட்டியை மட்டும் இரவல் வாங்கியிருக்கிறார். சப்பாத்தும் சேட்டும் இல்லாமல் வேட்டியோட மட்டும் திரிஞ்சால் ஒருதரும் திரும்பிப் பாக்காத இடம் எது?"

சஞ்சீவன் தலையைச் சொறிந்தான். "சைவக் கோயில் வீதி. ஆனால் இவர் வேதக்காரர், சேர்ச்சுக்கெல்லோ போறவர்."

"அதுதான் விசயம். வேதக்காரப் பிலிப்புவை அங்க ஆர் தேடப்போறது?" மனோகரி கம்சிகாவிடம் கேட்டாள். "தங்கச்சி, பிலிப்பு என்ன தொழில் செய்தவர்?"

"லோஞ்ச் ஓட்டினவர் அக்கா. குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் கடலால அம்மன் கோயில் சனத்தை ஏத்தி இறக்கினவர்."

அதற்கு மேல் யாரும் எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை. தம்பிராசா சோடாப் போத்தல்களோடு மேலே வந்தபோது மனோகரி, சஞ்சீவன், நிலக்சனா மூவரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். "மன்னாருக்கு ஒருக்காப் போய்ப் பாப்பம்," என்றாள் மனோகரி. அவர் தலையாட்டினார். முகத்தில் கவலையும் இல்லை, பயமும் இல்லை. குற்றம் செய்த மனிதன் இவ்வளவு இலேசாகக் கதவு திறந்துவிடுவானா என்ற கேள்வி மனோகரிக்குள் எழுந்தது. அதைப் பிறகு யோசிக்கலாம் என்று ஒதுக்கிவிட்டாள். அது பிழை.

நிலக்சனா தானும் வருவதாகச் சொல்லி ஓட்டோவில் ஏறிக்கொண்டாள்.

புங்குடுதீவுப் பாலத்தில் சோளகக் காற்று ஓட்டோவை ஒருபக்கம் தள்ளியது. குறிகட்டுவானில் லோஞ்சுக்கு வரிசை நின்றபோது நிலக்சனா ஃபோனை எடுத்துக்கொண்டு தள்ளிப்போனாள். திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள்.

"பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லுறன்," என்றாள்.

"ஒரு லீவுக்கு இத்தனை தரம் கோல் எடுக்கிற டீச்சரை இப்பதான் பாக்கிறன்," என்றான் சஞ்சீவன். "நான் படிக்கேக்க டீச்சர்மார் லீவு சொல்லாமலே வராமல் நிண்டவை."

லோஞ்ச் ஆடியது. எதிரே அர்ச்சனைத் தட்டோடு இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். நிலக்சனா கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். கடலுக்குப் பயப்படுகிறாள் என்று மனோகரி நினைத்தாள்.

நயினாதீவில் தேடுவது கஷ்டமாக இருக்கவில்லை. பிலிப்பு அங்கே பழகுவது யாரோடு என்று லோஞ்ச்காரர்கள் சொன்னார்கள். கோயில் பூசகர் ஐங்கரக் குருக்களின் வீட்டு வளவில் கிணற்று மோட்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு ஒருவர் குந்தியிருந்தார். அறுபது வயது. வெற்று மேல். வேட்டி முழங்காலுக்கு மேல் தாறுமாறாகச் சுற்றியிருந்தது.

"அண்ணை, வேட்டி ஓகே," என்றான் சஞ்சீவன். "ஆனால் கழுத்தில கிடக்கிற செபமாலையைக் கழட்ட மறந்திட்டியள்."

பிலிப்பு திடுக்கிட்டு மாலையைக் கையால் மூடினார். பிறகு நிலக்சனாவைக் கண்டு மெதுவாகக் கையை எடுத்தார்.

உள்ளேயிருந்து குருக்கள் விரைந்து வந்தார். "ஆர் நீங்கள்? அவர் என்ர சிநேகிதர். எத்தினையோ காத்து மழையில என்னைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து பூசைக்கு விட்டவர். கொஞ்ச நாளைக்கு இருக்க இடம் கேட்டார், குடுத்தனான். ஏனெண்டு நான் கேக்கேல்லை."

"பயப்பிடாதேங்கோ ஐயா. இவர் உயிரோட இருக்கிறாரோ எண்டு பாக்கத்தான் வந்தனாங்கள்," என்றாள் மனோகரி.

"உயிரோடதான் இருக்கிறன் பிள்ளை," என்றார் பிலிப்பு. "கொஞ்சம் ஒளிச்சிருக்கிறன், அவ்வளவுதான்."

நிலக்சனா அவருக்குச் சுகமா என்று கேட்கவில்லை. எப்படி வந்தார், என்ன சாப்பிட்டார் என்றும் கேட்கவில்லை. "அண்ணை, பின்னேரம் வரைக்கும் இஞ்சதான் நிப்பியளோ?" என்று கேட்டாள்.

மனோகரி சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் ஒளிச்சனீங்கள், அண்ணை?" என்றாள் பிலிப்புவிடம், பார்வையை நிலக்சனாவின் மேலிருந்து எடுக்காமலே.

"கூட்டத்துக்கு வா எண்டு சபை ஒரு கடுதாசி தரும். அதை இருக்கிற ஒவ்வொருதற்ற கையிலயும் நேரே குடுக்கவேணும். தபாலில போடேலாது, கதவில ஒட்டேலாது. ஒருதற்ற கையில சேரேல்லை எண்டாலும் கூட்டம் வைக்கேலாது, தள்ளிப் போடவேணும். அதுதான் விதி. நான் கூட்டத்துக்குப் போய் ஏலாது எண்டு கத்தினால் என்ன நடக்கும்? அஞ்சு பேர் ஓம், ஒராள் இல்லை. முடிஞ்சுது. ஆனால் நான் ஆப்பிடாமல் இருந்தால் ஒண்டும் நடக்காது. என்ர தமக்கையின்ர மகன் எஞ்சினியர், கிளிநொச்சியில. அடுத்த கிழமைதான் அவனுக்குக் கட்டடத்தைப் பாக்க வரலாம். அதுவரைக்கும் இழுத்தால் காணும்."

எதிர்ப்பு உள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்ற பாதி விதியை நிலக்சனா சொன்னாள். கையில் கொடுக்க வேண்டும் என்ற மற்றப் பாதியைச் சொல்லவில்லை. மனோகரியும் அதைத் தேடி வாசிக்கவில்லை. தம்பிராசா கதவைத் திறந்துவிட்டுச் சோடா வாங்கிக் கொடுத்தது ஏன் என்பது இப்போது விளங்கியது. பிலிப்புவின் வீட்டைப் பார்த்து அவர் போன இடத்தைக் கண்டுபிடிக்கத் தம்பிராசாவால் முடியவில்லை. கண்டுபிடிக்கக்கூடிய ஒருத்தியை வரவழைத்திருக்கிறார்.

"அண்ணை, பின் வழியால வெளிக்கிடுங்கோ. இப்பவே."

"என்னத்துக்கு?"

பிந்திவிட்டது. வளவுப் படலை திறந்தது. முன்னால் தம்பிராசா வந்தார். அவருக்குப் பின்னால், கடல் தண்ணீரில் நனைந்த காற்சட்டையோடு, சபையின் சிற்றூழியர் ஒருவர் கடித உறையைப் பிடித்தபடி வந்தார்.

"அடுத்த லோஞ்சிலயே வந்திட்டார்," என்றான் சஞ்சீவன். அவனுடைய குரலில் இப்போது பகிடி இல்லை. "நாங்கள் மன்னாருக்கெல்லோ போறம் எண்டு சொன்னனாங்கள். இவருக்கு ஆர் அக்கா வழி சொன்னது?"

மனோகரி நிலக்சனாவின் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தாள். நிலக்சனா அதைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தாள். மறைத்த பிறகு அதனால் பயனில்லை என்று தெரிந்து கையைத் தொங்கவிட்டாள்.

சிற்றூழியர் உறையை நீட்டினார். பிலிப்பு நிலக்சனாவை ஒருதரம் பார்த்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்து அதை வாங்கினார். கையெழுத்தும் வைத்தார்.

"நாளைக்குச் சந்திப்பம், பிலிப்பு," என்றார் தம்பிராசா. மனோகரியின் பக்கம் திரும்பி, "உங்களை நல்ல கெட்டிக்காரி எண்டு சொன்னவை. பொய்யில்லை," என்றார். அது பாராட்டு. மனோகரிக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

தம்பிராசாவும் சிற்றூழியரும் படலையால் வெளியேறினார்கள். கோயிலில் மணி அடித்தது. குருக்கள் பூசைக்கு நேரமாகிறது என்று சொல்லி உள்ளே போனார்.

"எனக்கு அந்த வீடு வேணும் அக்கா," என்றாள் நிலக்சனா. "நான் பிறந்ததிலயிருந்து ஆற்றையோ வீட்டிலதான் இருக்கிறன். இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில, முகாமில, மாமா வீட்டு விறாந்தையில. அம்மாவுக்கு இப்ப நடக்க ஏலாது. தம்பிராசா எனக்கெண்டு கீழ் வீட்டை மாத்தி ஒதுக்கித் தாறன் எண்டவர். பிலிப்பண்ணையைக் கண்டுபிடிச்சுக் குடுத்தால் போதும் எண்டார். அண்ணைக்கு ஒண்டும் செய்யமாட்டன், கடுதாசி மட்டும்தான் குடுக்கவேணும் எண்டார். அதில என்ன பிழை எண்டு நினைச்சன்."

"உம்மட கை நடுங்கினது பிலிப்புவுக்காக எண்டு நான் நினைச்சன்," என்றாள் மனோகரி.

"பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, அக்கா."

பிலிப்பு எழுந்து பின்னறைக்குள் போனார். சாக்கில் சுற்றிய ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து அவர்களுக்கு முன்னால் அவிழ்த்தார். கொங்கிறீற் துண்டு. இரண்டு கைப்பிடி அளவு. ஒரு பக்கத்தில் கம்பி நின்ற இடம் செம்மண்போல் உதிர்ந்துகொண்டிருந்தது.

"விறாந்தைத் தூணில இருந்து விழுந்தது. அண்டைக்குப் பின்னேரமே தம்பிராசா வந்து பூசிப்போட்டார். நான் உங்களெல்லாருக்கும் சொன்னனான் டீச்சர். நீர் என்ன சொன்னனீர்? வாங்க வழியில்லாத எரிச்சலில கதைக்கிறன் எண்டனீர்."

நிலக்சனா தலையைக் குனிந்தாள்.

மனோகரி மோட்டருக்குப் பக்கத்தில் கிடந்த சுத்தியலை எடுத்துத் துண்டின் மேல் ஓங்கிப் போட்டாள். அது பிஸ்கட்போலப் பிளந்தது. உட்பக்கத்தை வெயிலுக்குக் காட்டினாள். சாம்பல் நிறத்துக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக ஏதோ மின்னியது. சஞ்சீவன் நகத்தால் ஒன்றைக் கிளப்பினான். சோகி. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய கடற் சங்கு. முழுதாக, சுருள் குலையாமல் இருந்தது.

"கடற்கரை மண்," என்றான். "வாசலில கிடக்கிறதை அள்ளிக் குழைச்சிருக்கினம். மூண்டு மாடியும் இதுதானோ?"

"உப்பு உள்ளுக்க இருந்து கம்பியைத் தின்னுது," என்றாள் மனோகரி. "இப்ப விளங்குது, ஏன் இவ்வளவு மலிவெண்டு. கொண்டோமினியத்தில வீடு உம்மட பேரில வரும், நிலக்சனா. ஆனால் தூண், கூரை, படி, அத்திவாரம் எல்லாருக்கும் பொது. உறுதி எழுதின நாளிலயிருந்து அந்தத் தூணிலும் உமக்கு ஒரு பங்கு. அது விழுந்தால் திருத்தவேண்டியதும் நீங்கள் ஆறு பேரும்தான். தம்பிராசா உங்களுக்கு வீடு விக்கேல்லை. தூணை உங்கட தலையில வைச்சிட்டுக் கையைக் கழுவப் பாக்கிறார்."

நிலக்சனா பிளந்த துண்டின் ஒரு பாதியைக் கையில் எடுத்தாள். ஓரம் அவளுடைய விரலுக்குள் உதிர்ந்தது.

திரும்பும் லோஞ்சில் அவள் தனியே போய் இருந்தாள். சாக்கு மூட்டை மடியில் இருந்தது. அதைத் தரும்படி அவள் கேட்டபோது பிலிப்பு மறுக்கவில்லை.

மறுநாள் சபை மண்டபத்தில் கூட்டம் தொடங்கியதும் ஐந்து வீட்டார் சார்பில் பேச நிலக்சனாவைத்தான் கூப்பிட்டார்கள். அது முன்பே தம்பிராசா செய்துவைத்த ஏற்பாடு. அவர் முன்வரிசையில் காலுக்கு மேல் கால் போட்டு இருந்தார். நிலக்சனா மேசைக்குப் போய்ச் சாக்கை அவிழ்த்தாள்.

"எங்களுக்குச் சம்மதமில்லை," என்றாள். "முதல்ல இதைப் பாருங்கோ. பிறகு வந்து எங்கட தூணைத் தட்டிப் பாருங்கோ."

பின்வரிசையிலிருந்து கம்சிகாவின் கணவன் எழுந்து கத்தினான். "ஆரைக் கேட்டுச் சொல்லுறீர்? நான் சம்மதம் எண்டெல்லோ சொன்னனான்!" தம்பிராசாவின் கால் கீழே இறங்கியது. நிலக்சனா திரும்பிப் பார்க்காமல் நின்றாள். பிலிப்பு எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார். இன்றைக்குச் சப்பாத்துப் போட்டிருந்தார்.

சபையின் தொழில்நுட்ப அதிகாரி மத்தியானமே மண்கும்பானுக்கு வந்தார். விறாந்தைத் தூணில் இரண்டு தட்டுத்தான் தட்டினார். பூச்சு முழுவதும் பாளமாகக் கழன்று விழுந்தது. கம்பி இருக்கவேண்டிய இடத்தில் கபில நிறத் தூள் கொட்டியது. அவர் கீழ்மாடிக்குப் போய் இன்னொரு தூணைத் தட்டினார். பிறகு மற்றத் தூண்களைத் தட்டவில்லை. ஆட்களைக் கட்டடத்தை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார்.

கொண்டோமினியம் விண்ணப்பம் அன்றைக்கே நிராகரிக்கப்பட்டது. தம்பிராசாவை விசாரிக்கப் பொலிஸுக்கு எழுதப்போவதாகச் சொன்னார்கள். அதோடு இன்னொன்றும் சொன்னார்கள். கட்டடத்தில் இனி ஒருவரும் இருக்கக்கூடாது. பின்னேரத்துக்குள் எல்லாரும் சாமான்களோடு வெளியேற வேண்டும்.

வெயில் சாயும்போது முற்றம் முழுக்கக் கட்டில்களும் பாய்களும் கிடந்தன. சாமான் ஏற்ற வந்த ஒரு லான்ட்மாஸ்ரர் ட்ரக்டர் இரைந்துகொண்டு நின்றது. நிலக்சனாவின் தாய் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் கடலைப் பார்த்தபடி இருந்தாள். இந்த முறை எங்கே போகிறோம் என்று அவள் மகளிடம் கேட்கவுமில்லை. சஞ்சீவன் பிலிப்புவின் பெட்டியை ஓட்டோவில் ஏற்றினான். காலையிலிருந்து அவன் ஒரு பகிடியும் விடவில்லை.

"நாங்கள் செய்தது சரிதானே அக்கா?" என்று கேட்டான்.

"ஓம்," என்றாள் மனோகரி. "ஆனால் இவையிட்டைப் போய் அதைச் சொல்லாத."

படியடியில் கம்சிகா நிலக்சனாவை மறித்தாள். குழந்தை அவளுடைய தோளில் நித்திரை.

"சொந்த வீடும் போச்சு, இருந்த வீடும் போச்சு. நாங்கள் எங்க போறது டீச்சர்? சொல்லுமன். நீர்தானே எங்களுக்காகக் கதைச்சனீர்."

கம்சிகாவின் கணவன் தனியாக அலுமாரியைப் படியால் இறக்கமுடியாமல் பாதி வழியில் திணறிக்கொண்டிருந்தான். நிலக்சனா மேலே ஏறிப் போய் மற்றப் பக்கத்தைப் பிடித்தாள். அவன் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. பாரம் கையில் இறங்கியபோது, "மெல்ல, இடப்பக்கம்," என்றான்.